அவன் பெயரில் என் வண்டி

கார் வாங்கின அன்றைக்கு ஷோரூமில் சாவியை என் தோஸ்துவின் கையில்தான் கொடுத்தார்கள். அட்டையில் செய்த ஒரு பெரிய சாவி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். அவன் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். போட்டோ எடுக்க வந்த பெண், "சார், ஓனர் மட்டும் நில்லுங்க" என்றாள்.

"ஓனரே இவன்தாம்மா. நான் சும்மா பேருக்கு" என்றான்.

அவள் சிரித்துவிட்டு இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தாள்.

அவனும் நானும் பத்து வருஷத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டினவர்கள். ஹார்பரிலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு மாதவரம், மணலிப் பக்கத்து யார்டுகளுக்குப் போவோம். ஓட்டின நேரத்தைவிட எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். முன்னால் அவன் வண்டி, பின்னால் என் வண்டி. வரிசை நகராத நாட்களில் ஒரு கேபினில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். அவன் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். நான் திருவொற்றியூர். அவனுக்கு நான் மாமு, எனக்கு அவன் மாமு. வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை.

பிறகு அவனுக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட்தான், ஆனால் மாதச் சம்பளம், பே ஸ்லிப் எல்லாம் உண்டு. எனக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. இனி லாரி ஏறாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் ஓட்டலாம். அதனால் ஒரு கார் வாங்கி மஞ்சள் போர்டு போட்டு ஓட்டலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் எனக்கு யாரும் கடன் தரவில்லை. முன்பு என் மச்சானின் ஆட்டோவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் கட்டாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். மூன்று ஃபைனான்ஸ் கம்பெனிகளிலும் என் ஆதார் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்கோர் இல்ல சார்" என்று கார்டைத் திருப்பித் தந்தார்கள்.

என் தோஸ்துதான் சொன்னான். "என் பேர்ல போடு மாமு. எனக்குத்தான் பே ஸ்லிப் கீதே. டியூ நீ கட்டு, வண்டி நீ ஓட்டு. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் உன் பேருக்கு மாத்திக்கினா போச்சு. இன்னா இப்போ?"

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ?" அபசகுனமாகப் பேசாதே என்று அவளைத் திட்டினேன்.

ஆர்.சி. கார்டு தபாலில் அவன் வீட்டுக்குத்தான் வந்தது. கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ஓனர் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் அப்பா பெயர், அவன் விலாசம். அதற்குக் கீழே ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை. ஷோரூம்காரர் இதை முன்பே விளக்கியிருந்தார். "ஓனர் பேர் இருக்கும், ஆனா கீழ அவங்க பேரும் இருக்கும். அதுக்குப் பேர் ஹெச்.பி. கடன் முடியற வரைக்கும் அவங்களைக் கேக்காம வண்டிய விக்க முடியாது, பேர் மாத்த முடியாது. கடன் முடிஞ்சதும் பாக்கி இல்லைன்னு என்.ஓ.சி. லெட்டர் குடுப்பாங்க. அத்த எடுத்துக்கினு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனா அந்தப் பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் வண்டி முழுசா உங்களுது." உங்களுது என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. மாதம் பிறந்ததும் டோல்கேட் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பேன். அவன் தன் கணக்கில் போட்டுவிடுவான், ஐந்தாம் தேதி கம்பெனி எடுத்துக்கொள்ளும். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ரம்ஜானுக்கு அவன் குடும்பத்தை அந்தக் காரில்தான் மெரினாவுக்கு அழைத்துப் போவேன். டீசல் போடப் பணம் நீட்டுவான், நான் வாங்க மாட்டேன்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். தொழிற்சாலை ஆம்புலன்ஸில் ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவியையும் இரண்டு பெண்களையும் நான் காரில் அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயசு. கபரஸ்தானில் என்னையும் கூப்பிட்டு மூன்று கைப்பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஐந்தாம் தேதி வந்தது. அவன் கணக்கில் பணம் இல்லை. ஆறாம் தேதி அவன் பெரிய பெண் எனக்கு போன் செய்தாள். நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், அத்தா போனுக்குக் கம்பெனியிலருந்து கால் மேல கால் வந்துகினே கீது. அம்மாவுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல."

அன்றைக்கே ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு அதிகாரி, முப்பது வயசு இருக்கலாம். விஷயத்தைச் சொன்னேன். மீதி டியூவை நானே நேரில் கட்டுகிறேன் என்றேன்.

"தாராளமா கட்டுங்க சார். யார் கட்டினாலும் வாங்கிக்குவோம். ரசீது மட்டும் அவர் பேர்லதான் வரும்."

பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "லோன் போடும்போது இன்சூரன்ஸ் எடுத்திருந்தா, அவர் இறந்த அன்னைக்கே மீதிக் கடன் தள்ளுபடி ஆகியிருக்கும். வேணாம்னு டிக் பண்ணியிருக்கார்" என்றார்.

வேணாம் என்று சொன்னது நான்தான். மாத டியூ கொஞ்சம் ஏறுகிறதே என்று, அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "அதெல்லாம் இன்னாத்துக்கு மாமு, நீ இன்னா சாவப் போறியா" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே டிக் பண்ணினான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். வெளியே மேஜை போட்டு ஃபாரம் எழுதிக் கொடுக்கும் ஒரு அம்மா இருந்தார். ஓனர் இறந்துவிட்டால் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். வாரிசிடமிருந்துதான் என் பெயருக்கு வரும். நேராக எனக்கு வராது. அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, கூடவே ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதம்.

அவன் மனைவி அப்போது இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது, வெளி ஆம்பிளைகள் முன்னால் வரக் கூடாது. வாசலில் ஒரு பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பேசினேன். செத்த வீட்டில் வண்டிப் பேச்சு எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. அவளே கேட்டாள்.

"அண்ணா, எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க. அது உங்க வண்டி. அவரு எப்பவும் சொல்லிகினுதான் இருப்பாரு."

பெண் உள்ளே ஃபாரத்தை வாங்கிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். தமிழில், எழுத்து எழுத்தாகப் போட்ட கையெழுத்து.

இத்தா முடிந்த பிறகு அவள் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காரில் நான்தான் அழைத்துப் போவேன். வி.ஏ.ஓ. இல்லை, ஆர்.ஐ. லீவு, அவன் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு, திரும்ப அபிடவிட். சான்றிதழ் கைக்கு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு சம்மதக் கடிதத்துக்காகக் கம்பெனிக்குப் போனால், "கடன் ஓடிக்கினு இருக்கும்போது பேர் மாத்தச் சம்மதம் தர மாட்டோம் சார். மொத்தமா முடிச்சிடுங்க, என்.ஓ.சி. தரோம், அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் அதே அதிகாரி.

அதற்குள் வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று தரும் எஃப்.சி. சான்றிதழின் காலம் முடிந்தது. ஓனர் இறந்துவிட்டார் என்று நாங்களே ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தோம். இனி அவர்களும் தெரியாததுபோல இருக்க முடியாது. பேர் மாற்றாமல் எஃப்.சி. இல்லை என்றார்கள். எஃப்.சி. இல்லாமல் மஞ்சள் போர்டு ரோட்டில் ஏறக் கூடாது. ஃபாரம் எழுதும் அந்த அம்மா, "நீங்க வந்து சொல்லாமலே இருந்திருந்தா ஓடிக்கினு இருந்திருக்கும் நைனா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வண்டியை எங்கள் தெருமுனையில் கவர் போட்டு நிறுத்தினேன். மீதி ஏழு டியூவை இன்னொருத்தர் காரைத் தின வாடகைக்கு ஓட்டிக் கட்டினேன். விடிந்தால் ஏறுவேன், முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு. எங்கள் பக்கத்தில் கார் நின்றால் ஒரு வாரத்தில் கறுப்பு படிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கவரை எடுத்துத் துடைத்து, ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவேன். "முடியப் போவுது, இன்னும் ரெண்டுதான்" என்று மனைவியிடம் சொல்வேன்.

கடைசி டியூ கட்டின அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டுதான் கிளைக்குப் போனேன். ரசீது கொடுத்தார்கள். என்.ஓ.சி. கேட்டேன். அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"சிஸ்டம் விட மாட்டேங்குது சார். இவர் பேர்ல எங்க வேற பிராஞ்ச்ல இன்னொரு லோன் ஓடுது. பர்சனல் லோன்."

"இன்னா லோன்?"

"மூணு வருஷம் முன்னாடி எடுத்திருக்கார். அவர் இறந்ததிலருந்து கட்டல. ஒரே கஸ்டமர் பேர்ல ரெண்டு லோன் இருந்தா லிங்க் ஆயிடும். அதுவும் முடிஞ்சாத்தான் இதுக்கு என்.ஓ.சி. வரும். நீங்க கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்லயே இருக்கு." "அவர் போட்ட அக்ரிமென்ட்ல" என்று திருத்திக்கொண்டார்.

தேதியைக் கேட்டேன். பெரிய பெண்ணை நர்சிங் காலேஜில் சேர்த்த மாதம். ஸ்காலர்ஷிப் கிடைத்தது என்று என்னிடம் சொல்லியிருந்தான். நானும் நம்பி அந்தப் பெண்ணுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். ஃபைனான்ஸ்காரனிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம் இருந்திருக்காது. அது அவனுக்கும் தெரியும். கிளையின் படிக்கட்டில் அந்த ஸ்வீட் டப்பாவோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனவன் மேல் அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "காலேஜ் ஃபாரம்னு நெனச்சு நானும் கையெழுத்துப் போட்டேண்ணா" என்றாள். கோ-அப்ளிகன்ட், அதாவது கூடச் சேர்ந்து கடன் வாங்குகிறவர் என்ற இடத்தில் போட்டிருக்கிறாள். சில மாதங்களாகவே வசூல் ஆட்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்களாம். சந்து முனையில் பைக்கை நிறுத்திவிட்டு, எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அவள் புருஷன் பெயரைச் சொல்லி விசாரிப்பார்களாம். என்னிடம் சொன்னால் நான் வண்டிக்காகப் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அண்ணன் வந்தார். மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறவர். அவர்தான் இப்போது இரண்டு குடும்பத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார்.

"வண்டி யார் பேர்ல கீது?"

"அவன் பேர்ல. ஆனா டியூ பூரா நான்தான் கட்டினேன் பாய்."

"ரசீது யார் பேர்ல கீது?"

எல்லா ரசீதிலும் அவன் பெயர்தான்.

"தப்பா நெனச்சிக்காத. என் தங்கச்சி வூட்டு வாசல்ல வந்து ரெண்டு பேரு கத்திக்கினு கீறானுங்க. வண்டிய வித்தா அந்தக் கடன் அடையும். பேப்பர்படி அது இவங்க வண்டி. நீ எதக் காட்டி கேப்ப?"

"அண்ணே, சும்மா இரு. அது அவரு வண்டி" என்றாள் அவள். "அது ஹராம். நம்மளுது இல்ல."

"அப்ப நீ அந்தக் கடன எத்த வெச்சு அடைப்ப?" என்று அவர் அவளைக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். சின்னப் பெண் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தது.

அடுத்த வாரம் நான் மட்டும் கிளைக்குப் போனேன். ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "வண்டிய நீங்களாவே ஒப்படைச்சிடுங்க. வித்து பர்சனல் லோன்ல வரவு வெச்சிடலாம். மேல இருக்கறவங்ககிட்டப் பேசி மீதிய தள்ளுபடி பண்ணிடலாம். அந்த அம்மாவை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"எழுதித் தருவீங்களா?"

"அதெல்லாம் எழுத்துல தர முடியாது சார். என்ன நம்புங்க."

எழுத்தில் இல்லாததை நம்பி ஐந்து வருஷம் ஓட்டினவன் நான். அதையும் நம்பினேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி அன்றைக்கு முழுவதும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் வந்து, "குடுத்துடு. அந்தப் பொம்பள நம்மாண்ட பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னாள்.

ஒப்படைக்கும் படிவத்தில் அவன் மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் என் கையெழுத்துக்கு இடம் இல்லை. அவள் கறுப்பு புர்கா போட்டுக்கொண்டு பெரிய பெண்ணோடு வந்தாள். போடும்போது அழுதாள். "எனக்காக இத்தச் செய்யாதீங்கண்ணா" என்றாள். "அவனுக்காகத்தாம்மா" என்றேன். அதில் பாதிதான் உண்மை. இன்சூரன்ஸ் விஷயம் நெஞ்சில் இருந்தது. அந்தப் படிவம் நிரப்பும் இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் மாதவரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர்கள் யார்டில் விட்டேன். பெரிய மண் மைதானம். நூற்றுக்கணக்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணாடியில் சுண்ணாம்பால் நம்பர் எழுதியிருந்தது. காவலாளி சாவியை வாங்கி ஒரு கம்பியில் கோத்துக்கொண்டார். உள்ளே சாமான் ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டேஷ்போர்டில் இருந்த துடைக்கிற துணி, ஒரு டார்ச், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை, மூன்றையும் எடுத்துக்கொண்டு மூலக்கடை வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்தேன்.

ஏலத்தில் போனது. என்ன விலைக்கு என்று எனக்குச் சொல்லவில்லை, நான் யாரும் இல்லை என்பதால். அவன் மனைவிக்குத் தபால் வந்தது. யார்டு வாடகை, ஏலச் செலவு, அபராத வட்டி எல்லாம் கழித்துவிட்டு இன்னும் பாக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தது. அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். புதிதாக வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி எந்த ரெக்கார்டும் இல்லையே சார்" என்றார்.

வசூல் ஆட்கள் மறுபடியும் சந்துக்கு வந்தார்கள். பெரிய பெண் காலேஜை நிறுத்திவிட்டு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அவர்கள் வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு எர்ணாவூர்ப் பக்கம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. ஒரு முறை எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் அவன் மனைவியைப் பார்த்தேன். நான் சவாரியோடு இருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சிக்னல் விழுந்தது, போய்விட்டேன். கோபத்தினால் அல்ல, வெட்கத்தினால் திரும்பினாள் என்று மனைவி சொல்கிறாள். நான் திரும்பிக் கூப்பிடாமல் போனதற்கும் அதே காரணமாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போதும் தின வாடகைக் காரைத்தான் ஓட்டுகிறேன். அதன் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை.

போன மாதத்திலிருந்து எனக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வருகிறது. அந்தப் பர்சனல் லோனுக்குத் தெரிந்தவர் என்ற இடத்தில் அவன் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக அவன் பெயரைச் சொல்லி, "சார் அவரை எங்க பார்க்கலாம்?" என்று கேட்கும்.

"இறந்துட்டாரும்மா."

"ஓ, சாரி சார். நோட் பண்ணிக்கறேன் சார்."

அடுத்த வாரம் இன்னொரு பெண் கூப்பிடுவாள். அவளுக்கும் சொல்வேன். அவளும் நோட் பண்ணிக்கொள்கிறாள்.